பைபிளிலிருந்து நம் அன்றாடப் பேச்சுக்கு வந்த தொடர்கள்: கொங்கு வாசகர்களுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் வட்டாரங்களில் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவர்கள் மட்டுமன்றி, பைபிளை ஒருநாளும் கையில் எடுத்திராதவர்களும் அந்த நூலின் தொடர்கள் சிலவற்றை அன்றாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பட்டிமன்றத்துக்கு ஆயத்தமாகும் மாணவர்களும், மேடையில் பேசுகிறவர்களும், அழைப்பிதழில் ஒரு வரி அச்சிட விரும்புகிறவர்களும் இத்தொடர்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன். ஒரு தொடரை யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னார் என்று அறியாமல் அதைக் கையாண்டால், அது சொல்லவந்ததற்கு நேர்மாறானதைக் கூடச் சொல்லிவிடும். விடைகள் பலவற்றிலும் இதையே வெவ்வேறு எடுத்துக்காட்டுகளால் காட்ட முயன்றிருக்கிறேன். பைபிள் வரிகள், பழைய திருப்புதல் என்று சபைகளில் வழங்கும் தமிழ்ப் பதிப்பின் நடையில் உள்ளன.

பைபிள் தொடர்கள் கொங்கு நாட்டுப் பேச்சில் எப்படிக் கலந்தன?

ஒரே வழியில் அல்ல. மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைத் துறவிகள் 17-ஆம் நூற்றாண்டிலேயே கொங்குப் பகுதிக்கு வந்திருந்தார்கள். கருமத்தம்பட்டியின் ஜெபமாலை அன்னை ஆலயம் அந்தப் பழைய தொடர்பின் அடையாளம். லண்டன் மிஷனரி சங்கத்தார் சேலத்தில் 1827-இலும் கோயம்புத்தூரில் 1830-இலும் தங்கள் பணியைத் தொடங்கினார்கள். ஈரோட்டில் ஆண்டனி வாட்சன் பிரப் என்ற ஆஸ்திரேலியப் பாதிரியாரின் நினைவாக எழுந்த ஆலயத்தை அந்நகரத்தார் அனைவரும் அறிவார்கள். அவர் பெயரால் வழங்கிய பிரப் ரோட்டை, மீனாட்சி சுந்தரனார் சாலை என்று பெயர் மாறிய பின்னரும் பழைய பெயரால் சொல்கிறவர்கள் உண்டு.

ஆனால் ஆலயங்கள் வழியாக மட்டும் வந்திருந்தால் இத்தொடர்கள் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள்ளேயே தங்கியிருக்கும். மிஷன் பள்ளிகளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள். மிஷன் மருத்துவமனைச் சுவர்களில் எழுதியிருந்த வசனங்களை நோயாளியோடு துணைக்கு வந்தவர்களும் படித்தார்கள். அதற்குப் பிறகு அரசியல் மேடையும் திரைப்பட வசனமும் அவற்றை எடுத்துக்கொண்டன. இவை போக, ஆங்கிலப் பாடப்புத்தகம் வழியாகச் சுற்றி வந்து சேர்ந்த தொடர்களும் உண்டு. அப்படிச் சுற்றி வந்தவற்றில்தான் பொருள் மிகுதியாகத் திரிந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

தமிழில் பைபிள் எப்போது அச்சாயிற்று? நாம் சொல்லும் வாசகங்கள் எந்தப் பதிப்பைச் சேர்ந்தவை?

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714–15-இல் அச்சிட்டார். பழைய ஏற்பாட்டை அவருக்குப் பின் வந்த சூல்ட்சே 1728-இல் முடித்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பப்ரிசியுஸ் செய்த மொழிபெயர்ப்பை லுத்தரன் சபையார் நெடுங்காலம் போற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. அதற்குத் துணைநின்றவர், சைவத்துக்காகவே வாழ்ந்த ஆறுமுக நாவலர். இந்த முயற்சிகளையெல்லாம் கருத்தில் கொண்டு ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கிய பதிப்பு 1871-இல் முழுமை பெற்றது. இன்று சி.எஸ்.ஐ. சபைகளிலும் பெந்தெகொஸ்தே கூட்டங்களிலும் காதில் விழும் வாசகம் பெரும்பாலும் பழைய திருப்புதல் எனப்படும் இதுதான். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது.

புதிய மொழிபெயர்ப்பு படிக்க எளிது. ஆயினும் மக்கள் வாயில் நிலைத்தது பழைய திருப்புதலின் ஓசையே. “பாவத்தின் சம்பளம் மரணம்” என்ற ரோமர் 6:23-இன் தொடக்கத்தை ஒருமுறை கேட்டவர் மறப்பதில்லை. அது மூன்றே சொல்லில் முடிவதும், கூலிக்கு உழைக்கும் யாருக்கும் “சம்பளம்” என்ற சொல் உடனே விளங்குவதும் அதற்குக் காரணங்கள். அந்த வசனத்தின் பிற்பாதி “தேவனுடைய கிருபைவரமோ … நித்தியஜீவன்” என்று தொடர்வதைச் சொல்லுகிறவர்கள் மிகவும் குறைவு. சுவரில் முற்பாதி மட்டும் எழுதப்பட்டிருக்கும்போது ஆறுதலாக முடிய வேண்டிய வாக்கியம் வெறும் அச்சுறுத்தலாக நின்றுவிடுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

“வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது” என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி அல்லவா?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். “ஒரு கை குடுக்கறது இன்னொரு கைக்குத் தெரியக் கூடாதுங்க” என்று கொங்குத் தமிழில் கேட்கும்போது அது இந்த மண்ணிலேயே விளைந்த சொல்லாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் இதன் மூலம், இயேசு மலைமேல் அமர்ந்து செய்த போதனையான மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. மத்தேயு 6:3, “நீயோ தர்மஞ்செய்யும்போது, உன் தர்மம் அந்தரங்கமாயிருப்பதற்கு, உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது” என்கிறது. இதே உருவகம் நபிகள் நாயகத்தின் மொழிகளிலும் இடம்பெற்றிருப்பதால், இசுலாமியக் குடும்பங்களில் இதை ஹதீஸாகவே கற்பிக்கிறார்கள். இரண்டு வழியாகவும் வந்து சேர்ந்ததனால்தான் இது இவ்வளவு ஆழமாக ஊன்றியது என்று கருத இடமிருக்கிறது.

இதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மனிதரால் புகழப்படுவதற்காகத் தங்களுக்கு முன்பாகத் தாரை ஊதுவித்துத் தர்மம் செய்கிறவர்களைக் குறித்து, “அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்ததென்று” அது சொல்கிறது. பாராட்டைப் பெற்றுக்கொண்டவனுக்குப் பாக்கி எதுவும் இல்லை, கணக்கு அங்கேயே நேராகிவிட்டது என்பது அதன் கருத்து. வணிகமும் வரவு செலவும் நன்றாகத் தெரிந்த நம் வட்டாரத்தாருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கோயில் குழல்விளக்கிலும் பள்ளி மேசையிலும் உபயதாரர் பெயரை எழுதும் வழக்கத்தைக் கண்டிக்க இத்தொடரைப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பயன்பாடு மூலத்தின் பொருளுக்கு இசைந்ததுதான்.

“ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு” என்பது கோழைத்தனத்தைக் கற்பிக்கிறதா?

“மறு கன்னத்தக் காட்டறதுக்கு நானென்ன ஏசுவுங்களா?” என்று பங்காளிச் சண்டையிலும் வரப்புத் தகராறிலும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்பவர், இத்தொடர் அடங்கிப்போகச் சொல்கிறது என்று கருதிக்கொண்டு கேட்கிறார். மத்தேயு 5:39-இல் உள்ள ஒரு சொல்லை நாம் அன்றாடப் பேச்சில் விட்டுவிட்டோம். “ஒருவன் உன்னை வலது கன்னத்தில் அறைந்தால், அவனுக்கு மறு கன்னத்தையும் திருப்பிக்கொடு” என்று அது வலது கன்னத்தைக் குறிப்பிட்டுச் சொல்கிறது. எதிரே நிற்பவன் வலக்கையால் உங்கள் வலது கன்னத்தில் அடிக்க வேண்டுமானால் புறங்கையால்தான் அடிக்க முடியும். புறங்கை அடி அக்காலத்தில் காயப்படுத்துவதற்காக அன்றி, தாழ்ந்தவன் என்று இழிவுபடுத்துவதற்காகவே அடிக்கப்பட்டது. யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா, உள்ளங்கையால் அறைந்ததற்கு 200 சூஸ் நாணயமும் புறங்கையால் அறைந்ததற்கு 400 சூஸ் நாணயமும் இழப்பீடாக விதிக்கிறது. இரட்டிப்புத் தொகை வலிக்காக அன்று, அவமானத்துக்காக.

ஆகவே மறு கன்னத்தைத் திருப்புகிறவன், “நீ என்னை இழிவுபடுத்த நினைத்தாய், நான் இழிந்துபோகவில்லை, நிமிர்ந்தே நிற்கிறேன்” என்று காட்டுகிறான் என்று விளக்கும் அறிஞர்கள் உண்டு. அந்த விளக்கமே எனக்கும் ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அடுத்து வரும் வசனங்களும் அதற்கு அரணாக உள்ளன. உரோமப் படைவீரன் தன் ஆளுகைக்கு உட்பட்ட எவரையும் பிடித்துச் சுமை தூக்கவைக்கலாம் என்றிருந்த காலத்தில், “ஒருவன் உன்னை ஒரு மைல் தூரம் வரப் பலவந்தம்பண்ணினால், அவனோடு இரண்டு மைல் தூரம் போ” என்று சொல்லப்படுகிறது. முதல் மைல் கட்டாயம். இரண்டாவது மைலை நடப்பவன் தன் விருப்பத்தால் நடக்கிறான். இயேசுவே விசாரணையின்போது அறையப்பட்டபோது பேசாதிருக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். “நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்” என்று அவர் கேட்டதாக யோவான் 18:23 பதிந்திருக்கிறது.

காந்தியடிகள் இங்கிலாந்தில் மாணவராக இருந்தபோது மலைப்பிரசங்கத்தின் இந்தப் பகுதியைப் படித்ததாகவும், அது நேரே தம் நெஞ்சில் பதிந்ததாகவும் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர் அதிலிருந்து கற்றுக்கொண்டது அஞ்சி ஒதுங்குவதை அல்ல. தமிழ் வாசகருக்கு இதன் அருகில் வைத்துப் பார்க்க, “இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயஞ் செய்து விடல்” என்ற 314-ஆம் குறள் இருக்கிறது.

“கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்” என்று பழிவாங்கச் சொல்வதும் அதே பைபிள்தானே?

யாத்திராகமம் 21:24, லேவியராகமம் 24:20, உபாகமம் 19:21 ஆகிய மூன்று இடங்களில் இது வருகிறது. இதற்கு முற்பட்ட பாபிலோன் அரசன் அம்முராபியின் சட்டத்திலும் கண்ணுக்குக் கண் என்ற விதி உண்டு. ஆனால் அங்கே அது உயர்குடியினருக்குள் மட்டும் செல்லும், எளியவனின் கண்ணைப் போக்கினால் வெள்ளி கொடுத்துத் தீர்க்கலாம். பழிவாங்கத் தூண்டுவது இவ்விதியின் நோக்கமன்று. கண்ணுக்குப் பதிலாக உயிரை எடுக்காதே, ஒருவன் செய்ததற்கு அவன் குடும்பத்தையே அழிக்காதே என்று பழிக்கு எல்லை கட்டுவதே நோக்கம். பிற்கால யூதச் சட்ட அறிஞர்கள் இதைப் பண இழப்பீடாகவே கொண்டார்கள். மலைப்பிரசங்கம் இதை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் மறு கன்னத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. எனவே இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

“கத்தி எடுத்தவன் கத்தியால் சாவான்” என்பதும் பைபிள் வாசகமா?

ஆம். “பட்டயத்தை எடுக்கிற யாவரும் பட்டயத்தால் மடிந்துபோவார்கள்” என்பது மத்தேயு 26:52. ரவுடி ஒருவன் கொலையுண்ட செய்தி வந்ததும், அவனுக்கு இது வேண்டும் என்ற தொனியில் தேநீர்க் கடையில் இத்தொடரைச் சொல்கிறோம். மூலத்தில் இது எதிரிக்கு இட்ட சாபம் அன்று. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவைப் பிடிக்க ஆட்கள் வந்தபோது, அவரைக் காப்பாற்றுவதற்காக அவருடைய சீடரே வாளை உருவிப் பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரனின் காதை வெட்டினார். வெட்டியவர் பேதுரு என்றும், வெட்டுண்டவர் பெயர் மல்குஸ் என்றும் யோவான் நற்செய்தி சொல்கிறது. அப்போது, தமக்காக வாளெடுத்த தம்முடைய ஆளைப் பார்த்து, வாளை உறையிலே போடு என்று சொல்லிவிட்டு இயேசு சொன்ன வாசகம் இது. நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று உறுதியாக நம்பும் ஒருவனைத் தடுக்கச் சொன்னதை, செத்துக் கிடக்கிறவன்மேல் சொல்வது பொருளை மிகவும் சிறிதாக்கிவிடுகிறது.

“பாவம் செய்யாதவன் முதல் கல்லை எறியட்டும்” என்பதை விமர்சனத்துக்குப் பதிலாகச் சொல்லலாமா?

சொல்கிறார்கள். ஊழல் குற்றச்சாட்டுக்கு உள்ளானவர், “உங்களில் யோக்கியன் யார், முதல் கல்லை எறியுங்கள்” என்று எதிர்த்துக் கேட்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். யோவான் 8-ஆம் அதிகாரத்தில் இச்சொல் பிறந்த இடம் முற்றிலும் வேறு. விபசாரத்தில் பிடிபட்டாள் என்று ஒரு பெண்ணை மட்டும் இழுத்துவந்து நிறுத்துகிறார்கள். லேவியராகமம் 20:10-இன்படி ஆண், பெண் இருவருக்குமே தண்டனை உண்டு. அந்த ஆணைக் காணோம். சாட்சி சொன்னவனுடைய கையே முதலில் எழும்ப வேண்டும் என்பது உபாகமம் 17:7-இன் விதி. “உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன்” என்றபோது, கல்லை ஏந்தி நின்ற கூட்டத்தின் பிடியிலிருந்து தனித்து நின்ற ஒருத்தியின் உயிர் மீட்கப்பட்டது. வலியவர் தம்மைக் காத்துக்கொள்ள இதைக் கவசமாக அணிவது, கதையில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைத் தலைகீழாக்குகிறது. அந்தப் பெண்ணிடமும், “நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே” என்று சொல்லப்பட்டது என்பதையும் விட்டுவிடலாகாது.

ஆய்வாளர்கள் கவனிக்கும் ஒரு செய்தியும் உண்டு. யோவான் நற்செய்தியின் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இப்பகுதி இல்லை. பின்னர் சேர்ந்த பகுதியாகவே பெரும்பாலான அறிஞர்கள் இதைக் கருதுகிறார்கள். புதிய பதிப்புகள் பலவும் இதை அடைப்புக்குறிக்குள் இட்டோ குறிப்புடனோ அச்சிடுகின்றன.

“வினை விதைத்தவன் வினை அறுப்பான்” பைபிளிலிருந்து வந்தது என்கிறார்களே?

அது தமிழ்ப் பழமொழி. தினை விதைத்தவன் தினை அறுப்பான் என்று அதற்கு முன்பாதி இருப்பதே புஞ்சைக் காட்டின் வாசனையைக் காட்டிவிடும். “மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்” என்ற கலாத்தியர் 6:7 பொருளால் நெருங்கி வருகிறது, அவ்வளவே. உழுது பயிரிடும் எந்தச் சமூகமும் தானாகவே கண்டறியக்கூடிய உண்மை இது. “காற்றை விதைத்து, சூறைக்காற்றை அறுப்பார்கள்” என்பது மட்டும் பைபிளுக்கே உரியது, ஓசியா 8:7.

இவ்வாறு இரண்டு இடங்களிலும் தனித்தனியே விளைந்த தொடர்கள் பல. குருடனுக்குக் குருடன் வழிகாட்டினால் இருவரும் குழியில் விழுவார்கள் என்று மத்தேயு 15:14 சொல்கிறது. “குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிக் குருடும் குருடும் குழிவிழு மாறே” என்று திருமந்திரம் சொல்கிறது. இவை இரண்டுக்கும் முற்பட்ட கடோபநிடதத்தில், குருடரால் நடத்தப்படும் குருடர் என்ற உவமை இருக்கிறது. ஒற்றுமையைக் கண்டவுடன் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று வழக்காடத் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை.

“பசுத்தோல் போர்த்திய புலி”யும் இப்படிப்பட்டதே. மத்தேயு 7:15-இல் வருவது ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு வரும் ஓநாய். செய்தித்தாளில் “ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்” என்று எழுதினால் அது பைபிள் உருவகம். பசுவும் புலியும் வந்தால் அது நம்முடையது. திருவள்ளுவரோ 273-ஆம் குறளில் இதைத் திருப்பிப் போட்டு, புலித்தோல் போர்த்துப் பயிரை மேய்கிற பசுவைக் காட்டுகிறார். பட்டியில் ஆடு அடைப்பவர்களுக்கு இம்மூன்றின் வேறுபாடும் உடனே புலப்படும்.

ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது என்றால், எருசலேமில் அந்தப் பெயரில் இருந்த சிறிய வாசலைக் குறிக்கிறதாமே?

செல்வன் பரலோகராஜ்யத்தில் நுழைவதைவிட ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது எளிது என்று இயேசு சொன்னதாக மத்தேயு 19:24 கூறுகிறது. அதற்கு இந்த விளக்கத்தைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கலாம். ஊசிக்காது என்று ஒரு குறுகிய வாசல் இருந்தது, சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டால் ஒட்டகம் உள்ளே போய்விடும் என்பார்கள். அப்படி ஒரு வாசல் இயேசுவின் காலத்தில் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. இது பல நூற்றாண்டுகள் கழித்துத் தோன்றிய விளக்கம். முடியாததைச் சொல்வதற்காகவே மிகப் பெரிய விலங்கும் மிகச் சிறிய துளையும் இணைக்கப்பட்டன. பாபிலோனிய யூதர்களின் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதில் ஊசியின் காதில் யானை நுழைவதாக வருகிறது. குர்ஆனின் 7-ஆம் அத்தியாயம் 40-ஆம் வசனத்தில் அதே ஒட்டகமும் அதே ஊசியும் வருகின்றன. வாசல் கதையை ஏற்றால், அதைக் கேட்ட சீடர்கள் மிகவும் ஆச்சரியப்பட்டு, “அப்படியானால், யார் ரட்சிக்கப்படக்கூடும்” என்று ஏன் கேட்டார்கள் என்பதற்கு விடை கிடைக்காது. செல்வர்களுக்கு மனம் நோகாதபடி வாசலை அகலமாக்கிக் கொடுக்கும் விளக்கம் அது. மூலத்தின் கடுமையை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை.

பட்டினத்தாரின் “காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே” என்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அங்கே ஊசி, சாகும்போது எடுத்துப்போக முடியாத அற்பப் பொருளுக்கு எடுத்துக்காட்டு.

கிடாவெட்டு நம் கோயில்களில் நடக்கிறது. அப்படியிருக்க, “பலிகடா” என்ற சொல்லுக்கும் பைபிளுக்கும் என்ன தொடர்பு?

சொல் நம்முடையது, இன்று செய்தித்தாளில் அதற்கு ஏறியிருக்கும் பொருளில் பைபிளின் சாயல் உண்டு. கருப்பராயனுக்கோ முனியப்பனுக்கோ நேர்ந்துவிட்ட கிடா, வேண்டுதல் நிறைவேறியதற்காக வெட்டப்படுகிறது. பிறகு உறவின்முறையார் கூடி உண்கிறார்கள். அந்தக் கிடாவின்மேல் யாரும் தம் குற்றத்தை ஏற்றுவதில்லை. லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் வருகின்றன. சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிடுகிறார்கள். மற்றதன் தலைமேல் ஆசாரியன் இரு கைகளையும் வைத்து, மக்களுடைய அக்கிரமங்களை அறிக்கையிட்டு அதன்மேல் சுமத்தி, உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். பழைய திருப்புதல் அதற்குப் போக்காடு என்று பெயர் தருகிறது. மேலதிகாரி செய்த தவற்றுக்குக் கீழே இருக்கும் குமாஸ்தா பழியேற்று வேலையிழக்கும்போது, அவர் நிலை உண்மையில் போக்காட்டின் நிலையே. போக்காடு என்ற சொல் ஆலயத்துக்கு வெளியே பரவவில்லை; பழகிய பலிகடாவே அந்தப் பொருளையும் சுமந்துகொண்டது.

“புதிய மொந்தையில் பழைய கள்” என்பதும் அங்கிருந்து வந்ததுதானா?

வந்தது, ஆனால் முற்றிலும் திரும்பி வந்தது. மத்தேயு 9:17 பேசுவது பழைய துருத்தியில் ஊற்றிய புதிய திராட்சரசத்தைப் பற்றி. துருத்தி என்பது ஆட்டுத்தோல் பை. புது ரசம் நொதிக்கும்போது எழும் வாயு பையை உப்பவைக்கும். புதுத்தோல் நெகிழ்ந்து கொடுக்கும், பழைய தோல் வெடித்துவிடும், ரசமும் பாழாகும். கவலை இறைத்த கிணறுகளை நினைவு வைத்திருக்கும் பெரியவர்களுக்கு, சாலில் தைத்த தோல் நாள்பட்டு விறைத்துப்போனால் எப்படிக் கிழியும் என்பது தெரியும், அதுபோன்றதே இதுவும். உம்முடைய சீடர் ஏன் உபவாசம் இருப்பதில்லை என்ற கேள்விக்கு விடையாக, புதிய போதனையைப் பழைய சடங்கின் சட்டத்துக்குள் அடைக்க முடியாது என்று சொல்ல வந்த உவமை இது. ஆங்கிலத்தார் இதைப் புதிய குப்பியில் பழைய மது என்று மாற்றி, பழைய சரக்கையே புது வேடத்தில் தருவதைக் குறித்தார்கள். அந்தத் திரிந்த வடிவமே தமிழில் மொந்தையாகவும் கள்ளாகவும் உருமாறியது. வழக்கில் நிலைத்துவிட்டதைத் தவறு என்று ஒதுக்க வேண்டியதில்லை. பைபிள் வசனம் என்று எண் போட்டு எழுதாமல் இருந்தால் போதும்.

விபத்தில் உதவுகிறவர்களை “நல்ல சமாரியன்” என்பது ஏன்?

லூக்கா 10-ஆம் அதிகாரத்துக் கதை இது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதை ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீளம். அந்தத் தொலைவுக்குள் 1,000 மீட்டருக்கு மேல் கீழே இறங்கும், கள்வர்க்கு வாய்ப்பான மலைப்பாதை. அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனை ஆலயக் குருவான ஆசாரியனும் ஆலயப் பணி செய்யும் குலத்தவனான லேவியனும் பார்த்தும் விலகிப் போனார்கள். சமாரியன் ஒருவன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு பணத்தையும் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

சமாரியன் என்றால் இரக்கமுள்ளவன் என்றே இப்போது பொருளாகிவிட்டதால், கதையின் முள் முறிந்துபோயிற்று. யூதர்கள் சமாரியரோடு புழங்க மாட்டார்கள். ஒரு சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டபோது, “நீர் யூதனாயிருக்க, சமாரியா ஸ்திரீயாகிய என்னிடத்தில், தாகத்துக்குத்தா என்று எப்படிக் கேட்கலாம்” என்று அவளே வியந்ததாக யோவான் 4:9 கூறுகிறது. அப்படி விலக்கிவைக்கப்பட்டவனே உன் அயலான் என்பதுதான் கேட்டவர்களைச் சுட்டது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்த வழக்கம் நம் வட்டாரத்திலும் இருந்தது. எனவே இந்தக் கதையை இங்கே சொல்லும்போது, யார் கையால் தண்ணீர் வாங்கத் தயங்கினோமோ அவர் வந்து தூக்கினார் என்று சொன்னால்தான் அது முழுக் கதை. அந்தப் பகுதியை விட்டுவிட்டு வெறும் கருணைக் கதையாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

இப்பெயர் இந்தியச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று உறுதிசெய்த வழிகாட்டு நெறிகளைத் தொடர்ந்து, 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவரை நல்லெண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்ப்பவர்மேல், அந்த உதவியின்போது நேர்ந்ததற்காக உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது. தம் பெயரையும் முகவரியையும் தரும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

துரோகியை யூதாஸ் என்கிறோம். முப்பது வெள்ளிக்காசுக்கு என்ன மதிப்பு?

ஒருவனுடைய மாடு இன்னொருவனுடைய அடிமையை முட்டிக் கொன்றால், அடிமையின் எஜமானுக்கு முப்பது சேக்கல் வெள்ளி கொடுக்க வேண்டும் என்று யாத்திராகமம் 21:32 விதிக்கிறது. இயேசுவைக் காட்டிக்கொடுக்க அவருடைய சீடன் யூதாஸ் பெற்ற காசாக அதே எண்ணிக்கை மத்தேயு 26:15-இல் வருவதைக் கவனிக்க வேண்டும். சீடர்களில் யூதா என்ற பெயரோடு வேறொருவரும் இருந்தார். ஆகவே காரியோத்து ஊரானாகிய யூதாஸ் என்று தெளிவாகச் சொல்வது நல்லது. இந்த ஒருவனை வைத்து யூத மக்களையே துரோகிகள் என்று பேசும் வழக்கம் ஐரோப்பாவில் பெருங்கொடுமைகளுக்கு இடம் கொடுத்தது. அது நம் பேச்சில் நுழையக் கூடாது.

“கைகழுவிவிட்டான்” என்பது பிலாத்துவைக் குறிக்கிறதா?

மத்தேயு 27:24-இல், இயேசுவை விசாரித்த உரோம ஆளுநனான பிலாத்து தண்ணீர் எடுத்துக் கைகளைக் கழுவி, இந்த இரத்தப்பழிக்குத் தான் குற்றமற்றவன் என்கிறான். கொலையாளி யாரென்று தெரியாதபோது ஊர் மூப்பர்கள் கைகழுவித் தங்கள் குற்றமின்மையை அறிவிக்கும் வழக்கம் உபாகமம் 21-இல் உண்டு. தமிழில் நாம் சொல்வது, நம்பியவனை நடுவழியில் விட்டுவிடுவதை. பொருள் வேறாக இருப்பதால், ஒவ்வொரு கைகழுவலுக்கும் பிலாத்துவை இழுக்கத் தேவையில்லை.

பைபிளில் இருப்பதாக எண்ணி, அதில் இல்லாதவற்றைச் சொல்கிறோமா?

ஆம். ஏவாள் பறித்தது ஆப்பிள் என்று ஆதியாகமம் சொல்லவில்லை. வெறுமனே கனி என்கிறது. ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்த ஆப்பிளே நம் பாடப்புத்தகப் படங்களிலும் வந்து தங்கியது. யோனாவை விழுங்கியது ஒரு பெரிய மீன். நட்சத்திரத்தைக் கண்டு வந்த சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை, காணிக்கைகள்தாம் மூன்று. தனக்குத் தானே உதவிக்கொள்கிறவனுக்குத் தெய்வம் உதவும் என்ற வாசகமும் அதில் இல்லை.

எல்லாவற்றிலும் மிகுதியாகத் திரிந்தது பணத்தைப் பற்றியது. “பணமே எல்லாத் தீமைக்கும் வேர்” என்று மேற்கோள் காட்டுகிறார்கள். 1 தீமோத்தேயு 6:10 சொல்வது, “பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது.” உழைத்துத் தொழில் நடத்திப் பத்துப் பேருக்கு வேலை கொடுப்பவரையும், வட்டிக்கு வட்டி வாங்கிக் குடும்பங்களைக் கரைப்பவரையும் ஒரே கயிற்றில் கட்டாமல் இருக்க, அந்த ஒரு சொல் வேண்டும்.

அழைப்பிதழிலோ மேடையிலோ வசனத்தை எப்படிக் குறிப்பிடுவது?

நூலின் பெயர், அதிகாரம், வசனம் என்ற வரிசையில் “மத்தேயு 7:7” என்று எழுதினால் போதும். ஏழாம் அதிகாரம், ஏழாம் வசனம் என்று படிக்க வேண்டும். அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்களை 1551-இல் பாரிசு அச்சகர் ராபர்ட் எஸ்தியேன் இட்டார். மூல நூலாசிரியர்கள் யாரும் எண் போட்டு எழுதவில்லை. ஆகையால் எண் மாறும் இடத்தில் கருத்தும் முடிந்துவிட்டது என்று எண்ணாமல், முன்னும் பின்னும் சில வசனங்களைப் படித்துவிட்டு எடுத்தாள்வது நலம். பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் சங்கீதங்களின் எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்று தொடங்கும் 23-ஆம் சங்கீதம் அவற்றில் 22-ஆக இருப்பதைப் பிழையென்று திருத்திவிடாதீர்கள். மேற்கோளை எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்களோ அந்தப் பதிப்பின் சொற்களை அப்படியே எழுதுங்கள். பழைய திருப்புதலின் பாதியையும் திருவிவிலியத்தின் பாதியையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து அச்சிட வேண்டாம்.